ரீல் சுற்றுபவர்களும் ரீல் விடுபவர்களும்

தமிழில் 'ரீல்' என்ற சொல்லுக்கு இன்றைக்கு மூன்று பொருள். ஒன்று, தூண்டில் கம்பில் நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை. இரண்டு, வாய் கூசாமல் அளந்துவிடும் பொய். மூன்று, செல்போனில் முப்பது விநாடி ஓடும் வீடியோ. கச்சிராயபாளையம் பக்கத்தில் இருக்கும் கோமுகி அணைக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்றால் மூன்றையும் ஒரே ஆளிடம் பார்க்கலாம். முதல் ரீலைச் சுற்றிக்கொண்டே இரண்டாவது ரீலை விடுவார். பக்கத்தில் நிற்கும் நண்பர் அதை மூன்றாவது ரீலாக எடுத்துக்கொண்டிருப்பார் :-)

அந்த இரண்டாவது ரீல் எப்போதும் ஒன்றுதான். "சும்மா பொழுதுபோக்கு சார், இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியின் மேல் மட்டும்தான் கை வைக்கிறது. தூண்டில் போடுவதில் தப்பில்லை. பிடித்ததைக் குழம்பு வைப்பதிலும் தப்பில்லை. ஆனால் "நஷ்டம் இல்லை" என்பது பச்சைப் பொய். நஷ்டம் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டுக் காட்டலாம். தூண்டில்காரருக்குக் கணக்கு தெரியாது என்பதால் கணக்கே இல்லை என்று ஆகிவிடாது.

மீன் யாருடையது?

முதலில் தண்ணீர். கல்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கிக் கோமுகி அணைக்கு வருகிறது. அணையின் முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பக்கத்திலேயே இன்னொன்று மணிமுக்தா அணை. அதன் உயரம் 36 அடி, ஆனால் பரப்பி நிற்பதால் கொள்ளளவு 736 மில்லியன் கன அடி. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள மலை ஒன்று, இந்த இரண்டு அணைகள், பிறகு ஊருக்கு ஊர் ஏரி குளம். கடல் கிடையாது. இங்கே மீன் என்றால் நன்னீர் மீன். நன்னீர் மீன் என்றால் பெரும்பாலும் கெண்டை.

அந்தக் கெண்டையைப் பற்றித்தான் தூண்டில்காரருக்குப் பெரிய தப்பெண்ணம் ஒன்று இருக்கிறது. மழை பெய்தது, தண்ணீர் வந்தது, தண்ணீரோடு மீனும் வந்தது, இயற்கை கொடுத்தது, எடுத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறார். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இது பொருந்தாது. அவை மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். தெற்கே மனிதன் கொண்டுவந்து விட்டவை. அவற்றின் குணம் என்ன என்றால், ஓடுகிற புதுவெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கி நிற்கிற குளத்துத் தண்ணீரில் பொதுவாக முட்டையிடுவதில்லை.

அப்படியானால் குளத்துக்குக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டையை முட்டையிட வைத்துக் காட்டினார். இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாக இருப்பது அதனால்தான். அதற்கு முன்னால் ஆற்றில் வெள்ளம் வரும்போது இறங்கி முட்டையையும் குஞ்சையும் அள்ளிக்கொண்டு வந்தால்தான் உண்டு. அந்த ஊசிக்குப் பிறகுதான் பண்ணைகளில் லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்து, விரல் நீளம் வளர்த்து, ஏரிகளிலும் அணைகளிலும் கொண்டுபோய் விட முடிந்தது.

ஆக, அணையில் நீந்துகிற கட்லா வானத்திலிருந்து விழுந்ததல்ல. யாரோ காசு போட்டு விட்டது. அரசாங்கம் விட்டிருந்தால் அது வரிப்பணம், குத்தகைக்காரர் விட்டிருந்தால் அது அவர் கடன் வாங்கிய பணமாகக்கூட இருக்கலாம். தமிழ்நாட்டின் அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை பொதுவாகக் குத்தகையாகவோ உரிமமாகவோ யாரிடமாவது இருக்கிறது. தூண்டிலோடு போகிறவர் முதலில் செய்ய வேண்டியது "இங்கே போடலாமா?" என்று கேட்பது. பக்கத்து வீட்டு முருங்கைக்காய் பறிக்கக் கேட்கிற மனிதர், அணைக்குப் போனதும் கேட்பதில்லை. ஏனென்றால் மரம் கண்ணுக்குத் தெரிகிறது, மீன் தெரிவதில்லை.

முதலும் வட்டியும்

இப்போது கணக்கு. காமர்ஸ் படிக்கிறவன் முதல் வருடத்தில் கற்றுக்கொள்கிற பாடம் முதலையும் வருமானத்தையும் கலக்காதே என்பது. கடையின் முதலை எடுத்து வீட்டுச் செலவு செய்தால் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருக்கும், பிறகு கடை இருக்காது. விவசாயிக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. விதைநெல்லைக் குத்தித் தின்றவன் என்றாலே போதும்.

நூறு கிராம் கட்லாக் குஞ்சு விதைநெல். நல்ல குளத்தில் ஒரு கட்லா ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். தூண்டில்காரர் ஒரு காலைப்பொழுதில் நூறு கிராம் குஞ்சுகள் பத்தைப் பிடித்துப் பையில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அவருக்கு ஒரு கிலோ மீன். முள் போக, செதில் போக, கறி எவ்வளவு மிஞ்சும் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். அதே பத்தையும் விட்டிருந்தால்? பாதி செத்துப்போனாலும் அடுத்த வருடம் ஐந்து கிலோ. அணையில் தீனி குறைவு, வளர்ச்சி பாதிதான் என்று எதிர்ப்பக்க வக்கீல் வாதாடினாலும் இரண்டரை கிலோ. முதலுக்கு மேலே ஒன்றரை மடங்கு லாபம். எந்த பேங்க் இந்த வட்டி தருகிறது?

"நான் விட்டா அடுத்தவன் பிடிப்பான்" என்பார். பிடிக்கலாம்தான். அவரும் இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காட்டிக் காட்டியே குளத்தைக் காலி செய்கிறார்கள்.

இதில் ஒரு நியாயமான விதிவிலக்கு உண்டு. கோடையில் அடியோடு வற்றப்போகிற ஊர்க்குளத்தில் குஞ்சு, பெரியது என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. எப்படியும் சாகும். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊரே திரண்டு ஊத்தாவும் வலையுமாக இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துவது இந்தக் கணக்கில்தான். அங்கே முதலைத் திருப்பி எடுத்துக் கடையை மூடுகிறார்கள், அடுத்த மழைக்குப் புதுக்கடை. வருடம் முழுக்கத் தண்ணீர் கொஞ்சமாவது நிற்கிற அணைக்கு அது பொருந்தாது. கோடையில் அணையில் மட்டம் இறங்கும்போது மீன் எல்லாம் ஒரு பக்கமாகச் சேரும், போட்ட இடத்தில் கடிக்கும். தூண்டில்காரர் அதைத் தன் திறமை என்று நினைத்து வீடியோ போடுவார். அப்போதுதான் அவர் கையை அதிகமாக அடக்க வேண்டும்.

கெண்டை எது என்றே தெரியாத கெண்டைப்பிடி

இன்னொரு கூத்து. பிடிக்கிற மீனின் பெயரே பலருக்குத் தெரியாது. தலை பெருத்து, வாய் மேல்நோக்கித் திறந்து, மீசை இல்லாமல் இருந்தால் கட்லா. அது தண்ணீரின் மேல்மட்டத்தில் மேய்வது. உதட்டு ஓரம் சுருக்கம் வைத்த மாதிரி இருந்து, துடுப்பில் சிவப்பு ஓடினால் ரோகு. நடுத்தண்ணீரில் மேயும். உடம்பு ஒல்லியாக வெள்ளி போல மினுங்கி, அடித்தரையில் மேய்வது மிர்கால். முதுகுத் துடுப்பு நீளமாகவும், வாயோரம் இரண்டு ஜோடி மீசையும் இருந்தால் சாதாக்கெண்டை.

சாதாக்கெண்டை வெளிநாட்டுக்காரன். அதன் ஜெர்மன் வகை 1939ல் இலங்கை வழியாக ஊட்டிக்கு வந்தது, பாங்காக் வகை 1957ல் வந்தது. கட்லாவைப் போல இதற்கு வெள்ளமெல்லாம் வேண்டாம், குளத்திலேயே முட்டையிடும். சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கலங்கும். ஜிலேபிக் கெண்டை இருக்கிறதே, அதற்குப் பெயரில் மட்டும்தான் கெண்டை. அது கெண்டைக் குடும்பமே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிச் சுற்றிக்கொண்டு 1952ல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், கேட்காமலே பெருகும், மற்ற மீனின் இடத்தையும் தின்னும்.

இதிலிருந்து ஒரு எளிய சட்டம் பிறக்கிறது. ஜிலேபியை எந்த அளவிலும் பிடிக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் வறுக்கலாம், குளத்துக்கு உபகாரம். சாதாக்கெண்டையும் அப்படித்தான். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு என்றால் திருப்பி விட வேண்டும். அணைக்கரையில் நடப்பது என்ன? ஜிலேபி விழுந்தால் "சீ, ஜிலேபி" என்று முகம் சுளித்துக் கரையில் வீசிவிட்டு, கட்லாக் குஞ்சைப் பையில் போடுகிறார்கள். கணக்கு தலைகீழ்.

இதைவிட மோசமானது, மிஞ்சிய உயிர் இரையையும் பிடித்த ஜிலேபியையும் வாளியோடு கொண்டுபோய் வேறு தண்ணீரில் கொட்டுவது. கல்வராயன் மலை ஓடைகளில் விரல் நீளத்துக்குத் திரிகிற சின்னச் சின்ன கெண்டை வகைகள் யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல, அந்த ஓடைக்கே சொந்தமானவை. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சுற்றுலா போகிறவர் "பாவம் உயிர்" என்று ஒரு ஜோடி ஜிலேபியை மேலே ஓடையில் விட்டால் அது புண்ணியம் ஆகாது. மலையில் வாழ்கிற மலையாளி பழங்குடி வீட்டுப் பிள்ளை நாளைக்கு அந்த ஓடையில் கைவைக்கும்போது ஜிலேபிதான் அகப்படும்.

கம்பு ஒன்று, முள் ஆறு

சாமான்களுக்கு வருவோம். பழைய ஆளின் தூண்டில் மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, துளி ஈயம், ஒரு முள். இரை மண்புழு. அவர் தக்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கொக்குக்கு இருக்கிற பொறுமை வேண்டும். தக்கை அமுங்கினால் அவருக்குத் தெரியும், உடனே இழுப்பார், முள் மீனின் உதட்டில் இருக்கும்.

புது ஆளிடம் கார்பன் கம்பு, பால்பேரிங் ரீல், நாலு நிறத்தில் நரம்பு. எல்லாம் ஆன்லைனில் வந்தது. வாங்கட்டும், அவர் காசு. ஆனால் இத்தனைக்கும் நுனியில் என்ன கட்டுகிறார்? ஸ்பிரிங். கம்பிச் சுருளைச் சுற்றி நாலு முதல் ஆறு முள். சுருளில் மாவை அப்பி உருண்டையாக்கி, முட்களை அந்த மாவுக்குள் ஒளித்துத் தூக்கி எறிகிறார். மாவு கரையும்போது மீன் வந்து உறிஞ்சும், அதோடு முள்ளும் போகும். ஆறு முள்ளில் ஒன்று வாயில் மாட்டும், துள்ளும்போது இன்னொன்று கண்ணிலோ செவுளிலோ வயிற்றிலோ ஏறும். அந்த மீனை விட வேண்டும் என்று நினைத்தாலும் விட முடியாது, பிழைக்காது. நரம்பு அறுந்தாலோ இன்னும் கொடுமை. அடியில் ஆறு முள்ளோடு அந்த உருண்டை கிடக்கும். மாட்டிய மீன் அங்கேயே கட்டுண்டு சாகும், அதைத் தின்ன வருகிற ஆமைக்கும் அடுத்த முள் காத்திருக்கும்.

இதில் திறமை எங்கே இருக்கிறது? கம்பை ஊன்றிவிட்டு, மணி ஒன்றைக் கட்டிவிட்டு, நிழலில் போய்ப் படுத்துவிடுகிறார். மணி அடித்தால் எழுந்து வருவார். மூங்கில் கம்புக்காரர் மீனோடு விளையாடுகிறார், இவர் பொறி வைக்கிறார். எலிப்பொறி வைப்பவரை யாரும் வேட்டைக்காரர் என்று சொல்வதில்லை.

"வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான்" என்று அடுத்த ரீல் வரும். பொய். கெண்டைக்காகவே உயிரை விடுகிற நாடு இங்கிலாந்து. அங்கே 1980 வாக்கில் லென் மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் புதுமாதிரி ஒரு கட்டைக் கொண்டுவந்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்குகிற மெல்லிய மயிர் போன்ற நூலில் கோர்ப்பது. கெண்டை இரையை உறிஞ்சும், சந்தேகப்பட்டுத் துப்பும், துப்பும்போது வெறும் முள் கீழுதட்டில் பதியும். அவர்கள் யோசித்தது மீனின் வாய் எப்படி வேலை செய்கிறது என்று. கட்டியது ஒரே ஒரு முள். இங்கே யோசிக்காததற்குப் பதிலாக ஐந்து முள் கூடுதலாகக் கட்டப்படுகிறது.

மக்காச்சோளம் விளைகிற ஊரில் டப்பா இரை

இரை விஷயத்தில் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளிநாட்டுக் கெண்டைப்பிடியில் 'பாய்லி' என்று ஒன்று. மாவையும் முட்டையையும் பிசைந்து உருட்டி வேகவைத்துக் காயவைத்தது. கெண்டைக்குக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஏன் வேகவைத்துக் கெட்டியாக்கினார்கள்? சின்ன மீன் கொறித்துத் தீர்த்துவிடக் கூடாது, பெரிய மீன் வரும் வரை இரை நிற்க வேண்டும் என்பதற்காக. அதாவது இரையே ஒரு சல்லடை. இதைப் புரிந்துகொள்ளாமல், ஸ்ட்ராபெர்ரி வாசனை, வெனிலா வாசனை என்று டப்பா வாங்கி மைதாவில் கலந்து ஸ்பிரிங்கில் அப்புகிறார் நம் ஆள். சல்லடையைக் காசு கொடுத்து வாங்கி, அதில் ஓட்டை போட்ட கதை.

உலகம் முழுக்கக் கெண்டைக்குப் பெயர்போன இன்னொரு இரை மக்காச்சோளம். சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் அதுதான் நிற்கிறது. ஒருநாள் ஊறவைத்து வேகவைத்த மக்காச்சோள மணியைச் சற்றுப் பெரிய முள்ளில் கோர்த்தால் குஞ்சு வாயில் நுழையாது, வளர்ந்த கெண்டை வரும். காய்ந்த மணியை அப்படியே போடக் கூடாது, மீனின் வயிற்றுக்குள் போய் ஊறி உப்பும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, தொண்டையில் இருக்கிற பல்லால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்புகிற உடம்பு. கரும்பு ஆலை இருக்கிற ஊரில் வெல்லப்பாகுக்குப் பஞ்சமா? மரவள்ளிக்கிழங்குக்குப் பஞ்சமா? கடலைப் புண்ணாக்குக்குப் பஞ்சமா? இவை எல்லாம் கெண்டை தேடி வருகிற வாசனைகள். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலைக்கு ஐந்நூறு ரூபாய் டப்பா.

அளவும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். பெரிய அணையில் நாலு கிலோ மாவு பெரிய விஷயமில்லை. ஊர்க்குட்டையில் பத்துப் பேர் ஆளுக்கு நாலு கிலோ கொட்டினால், மீன் தின்றது போக மிஞ்சியது அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைத் தின்னும். விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருக்கும். "பாரு, எவ்வளவு மீன்!" என்று அதற்கும் வீடியோ எடுப்பார்கள்.

கரை

எல்லாவற்றிலும் அசிங்கம் கரைதான். சிக்கிய நரம்பை அறுத்து அப்படியே விட்டுப்போவது, ஈயக்குண்டு, இரை வந்த பிளாஸ்டிக் உறை, பிரியாணிப் பொட்டலம், கடைசியாகப் பாட்டில்.

நைலான் நரம்பு மக்காது. கண்ணுக்கும் தெரியாது. நீர்க்காகத்தின் காலில் சுற்றும், மீன்கொத்தியின் இறக்கையில் சுற்றும், மேய வந்த ஆட்டின் குளம்பில் இறுகும். ஈயம் விஷம். அன்னப்பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் பிரிட்டனில் 1987லேயே பெரும்பாலான அளவுகளில் தூண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது. நம் ஊர் நாரைக்கும் கொக்குக்கும் அதே வயிறுதான்.

பாட்டில் பற்றிச் சொன்னால் "மாரல் போலீஸ்" என்பார்கள். குடிப்பது அவரவர் பாடு, உடைப்பது எல்லார் பாடு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஊர் இது. இங்கே யாருக்கும் குடியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அணைக்கரையில் உடைந்த கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசுவோம். அந்தக் கரையில் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பவர் தூண்டில்காரர் மட்டும்தான். மாடு கழுவ வருகிறவரும், வலை இழுக்கிற மீனவரும், குளிக்க வருகிற பையனும் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்குகிறார்கள்.

மனம் திருந்தினால்தான் மாறும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் பாட்டிலை வீசிய அதே கைகள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தன. பத்து ரூபாய்க்குத் திரும்பி வருகிற பாட்டில், பத்து ரூபாய் இல்லாத இடத்தில் கல்லில் உடைகிறது. அப்படியானால் "கவனிக்கவில்லை", "மறந்துவிட்டேன்" எல்லாம் ரீல்.

நாலு சாக்கு

முதல் சாக்கு: "குத்தகைக்காரன் டன் கணக்கில் அள்ளுறான், என்னைக் கேக்கறீங்களா?" அவர் குஞ்சு விட்டவர், அல்லது விட்டதற்குப் பணம் கட்டியவர். வலைக்கண் அளவைக் குறைத்து அவர் குஞ்சையும் சேர்த்து அள்ளினால் அவரையும் கேட்க வேண்டியதுதான். ஆனால் கையில் ஆறு முள் உருண்டையை வைத்துக்கொண்டு அடுத்தவன் வலைக்கண்ணை அளக்கப் போனால் யார் மதிப்பார்?

இரண்டாவது: "நான் என்ன வெடி வெச்சேனா, கரன்ட் வெச்சேனா?" வெடிவைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897ல் வந்த இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்று சொல்லிவிட்டது. மின்சாரம் அன்றைக்கு அந்தப் பட்டியலில் இல்லை, இன்றைக்கு பேட்டரியும் இன்வெர்ட்டருமாக அலைகிற கூட்டம் இருக்கிறது. அது குஞ்சு, முட்டை, தவளை என்று பார்க்காது. தண்ணீரில் நிற்கிற ஆளையும் பார்க்காது. அவர்கள் செய்வது குற்றம். "நான் கொலை செய்யவில்லை" என்பது பிக்பாக்கெட் அடித்தவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடுமா?

மூன்றாவது: "நான் மட்டும் ஒழுங்கா இருந்து என்ன ஆகப்போகுது?" இதைச் சொல்பவர்கள் எல்லாரும் ஒரே கரையில்தான் நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பது பேர் தேறும்.

நாலாவது சாக்குதான் கொஞ்சம் கனமானது. "மீனைப் பிடித்து முத்தம் கொடுத்துத் திருப்பி விட நாம் என்ன வெள்ளைக்காரனா? நாம் சாப்பிடப் பிடிக்கிறோம்." சரியான பேச்சு. 1952ல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் இங்கிலாந்தின் ரெட்மைர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ, சாதாக்கெண்டை ஒன்றைப் பிடித்தார். அதைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார். அது 1971 வரை அங்கே உயிரோடு இருந்தது. அந்த நாட்டுக்கு அது அழகு, வயிற்றுக்கு வேறு வழி இருக்கிற ஊரின் அழகு. இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. ஒரு கிலோ கட்லாவைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி கரைத்துக் குழம்பு வைப்பது நல்ல காரியம்.

ஆனால் சாப்பிடுவதற்காகத்தான் பிடிக்கிறோம் என்றால் அதற்குரிய ஒழுங்கும் சேர்ந்தே வர வேண்டும். நாளைக்கும் சாப்பிட வேண்டும் என்கிறவன்தான் விதையைக் காப்பாற்றுவான். சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற தூண்டில் புத்தகத்தையும், 1887ல் நம் ஊர் ஏரி, குளத்துத் தூண்டிலுக்காகவே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற இன்னொன்றையும் எழுதினார். துரை பொழுதுபோக்குக்குப் பிடித்தவர்தான். ஆனால் இந்தக் குளத்தில் இந்த மீன் என்ன தின்னும், எந்த ஆழத்தில் நிற்கும் என்று உட்கார்ந்து பார்த்து எழுதினார். ஊர் மீனைப் பற்றி அந்தக் காலத்துத் துரைக்கு இருந்த அக்கறையில் பாதி, ஊர்க்காரருக்கு இருந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். கம்பின் அடியிலிருந்து ஒரு அடி அளந்து பெயின்டால் ஒரு கோடு. கட்லாவோ ரோகுவோ மிர்காலோ அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்லக் கழற்றித் தண்ணீரில் விட வேண்டும். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் இருக்கிற வழுவழுப்பு போய்விடும், பிறகு அது நோய் வந்து சாகும். ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரே முள், அதுவும் பெரிய முள். மூடி போட்ட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அறுந்த நரம்பும் வளைந்த முள்ளும் ஈயமும் அதற்குள். வந்தபோது இருந்த பையிலேயே குப்பை திரும்ப வீட்டுக்கு. போகும் முன் உரிமை யாரிடம் என்று விசாரித்து ஒரு வார்த்தை.

இதற்கெல்லாம் ஆகிற செலவைக் கூட்டினால், பெயின்ட் வீட்டில் மிஞ்சியது, பாட்டில் அடுக்களையில் இருப்பது, வார்த்தை இலவசம். மூவாயிரம் ரூபாய் ரீல் வாங்கியவரால் இது முடியாது என்றால் நம்புவதற்கில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோமுகிக் கரையில் யாராவது ஒருவர் அந்தக் கோட்டில் வைத்து அளந்து, முக்கால் அடிக் கட்லா ஒன்றைத் திருப்பி விடட்டும். நண்பர் அதை வீடியோ எடுத்துப் போடட்டும். அந்த ரீலுக்கு லைக் போடத் தடையில்லை.